கௌரிலிருந்து வந்த கற்கள்: கொல்கத்தாவின் கல் தேவாலயத்தில் எதைப் பாதுகாப்பது?

கொல்கத்தாவின் புனித யோவான் தேவாலயத்தைப் பற்றி எழுதப்படும் அறிமுகக் கட்டுரைகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். அதன் கற்கள் பழைய கௌர் நகரத்தின் இடிபாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பதே அது. அடுத்த வாக்கியம் 174 அடி உயரக் கூர்ங்கோபுரத்துக்கோ, உள்ளே இருக்கும் ஜோஃபனியின் இராவுணவு ஓவியத்துக்கோ தாவிவிடும். 'கொண்டுவரப்பட்டவை' என்ற செயப்பாட்டுவினை அங்கே செய்துமுடிக்கும் வேலை பெரிது. யார் கொண்டுவந்தார்கள், எதிலிருந்து பெயர்த்தார்கள், யாருடைய உரிமையில் பெயர்த்தார்கள் என்ற கேள்விகள் அனைத்தையும் அது விழுங்கிவிடுகிறது. இத்தேவாலயத்தையும் அதன் கல்லறை வளாகத்தையும் காக்க வேண்டும் என்று குரல்கொடுப்போரில் பலர், கட்டடத்தோடு சேர்த்து இந்த மௌனத்தையும் காத்துவருகிறார்கள்.

வங்காளிகள் இதனைப் 'பாதுரே கிர்ஜா' என்றார்கள். பாத்தர் என்றால் கல். கல்லாலான தேவாலயம் என்பது பொருள். பெயர் தற்செயலாக அமைந்ததன்று. கங்கையின் வண்டல் மண்ணின்மேல் எழுந்த கொல்கத்தாவில் கல் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் அந்நகரத்தின் மாளிகைகள் செங்கல்லின்மேல் சுண்ணச் சாந்து பூசி, கல்போலத் தோற்றம் காட்டியவை. உண்மையான கல்லைத் தரையிலும் கோபுரத்திலும் வைத்துக் கட்டிய கட்டடம் அங்கே ஒரு வியப்பு. ஆகவே அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது: கல்லில்லாத ஊருக்குக் கல் எப்படி வந்தது?

கட்டுமானத்தின் வரலாறு நன்கு பதிவானது. 1756இல் சிராஜ்-உத்-தௌலாவின் முற்றுகையில் பழைய புனித ஆன் தேவாலயம் அழிந்தபின், கம்பெனியின் தலைமை நகரத்துக்கு அதன் மதிப்புக்கேற்ற ஆலயம் இல்லாதிருந்தது. பழைய இடுகாட்டை ஒட்டியிருந்த நிலத்தை சோவாபஜார் நவகிருஷ்ண தேவ் கொடையாகக் கொடுத்தார். கிளைவின் முன்ஷியாக இருந்து, பிளாசிக்குப் பின் பெருஞ்செல்வரானவர் அவர். செலவின் ஒரு பகுதி லாட்டரி நடத்தித் திரட்டப்பட்டது. பொறியாளர் ஜேம்ஸ் ஏக் லண்டனின் புனித மார்ட்டின் தேவாலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு வரைபடம் வரைந்தார். 1784 ஏப்ரல் 6இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1787 ஜூன் 24இல், புனித யோவானின் திருநாளன்று, திறப்பு நடந்தது. 1847இல் புனித பவுல் பேராலயம் எழும்வரை ஆங்கிலிக்கன் பேராயரின் இருக்கை இதுவே. 1835இல் சென்னைக்குத் தனி மறைமாவட்டம் அமையும்வரை தஞ்சையும் திருநெல்வேலியும்கூட இந்தப் பேராயரின் ஆளுகைக்கு உட்பட்டவைதாம்.

கற்களை அனுப்பியவரின் பெயரும் பதிவில் உள்ளது. மால்டாவில் கம்பெனியின் வணிகப் பிரதிநிதியாக இருந்த சார்லஸ் கிராண்ட் அவர். பின்னாளில் கம்பெனியின் தலைவர் பதவிவரை உயர்ந்தவர். இந்தியரின் ஒழுக்கக் கேட்டைப் பற்றி ஒரு நீண்ட விளக்கவுரை எழுதி, மிஷன் பணிக்குக் கதவைத் திறக்கும்படி ஆங்கில நாடாளுமன்றத்தை நெருக்கியவர். கௌர் அவருடைய வட்டாரத்துக்குள் இருந்தது. மெருகேற்றிய நீலச்சாம்பல் கற்கள் அங்கிருந்து ஆற்றுவழியே கல்கத்தாவை அடைந்தன. ஆலயத்தின் உட்தரை இன்றும் அந்தக் கற்களால் ஆனது. ஆலய நிர்வாகத்தின் பழைய கூட்டக் குறிப்பேட்டில் கௌரிலிருந்து கல் பெற்ற செய்தி விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்களுக்கு அதில் வெட்கம் ஏதுமில்லை. நாணம் அவர்களுடைய வரலாற்றை எழுத வந்தவர்களுக்குத்தான்.

கௌர் எத்தகைய இடம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சேன மன்னர்களின் இலக்னௌதி, பின்னர் வங்க சுல்தான்களின் தலைநகர். 1575இன் கொள்ளைநோயோடு கைவிடப்பட்ட நகரம். 1526இல் முடிந்த படா சோனா மசூதி, தாகில் தர்வாசா, ஃபிரோஸ் மினார், கதம் ரசூல் எனத் தொல்லியல் துறையின் காப்பில் இன்று அங்கே எஞ்சி நிற்பவை ஒரு பெருநகரத்தின் சில எலும்புகள். 1947இன் எல்லைக்கோடு அந்த எலும்புக்கூட்டையும் வெட்டியது. சோட்டா சோனா மசூதியும் தரஸ்பாரியும் வங்கதேசத்துக்குள் இருக்கின்றன. படா சோனா மசூதி செங்கற் சுவரின்மேல் கல் போர்த்திய கட்டடம். கௌரில் போர்வைக் கற்கள் உரிக்கப்பட்டுச் செங்கல் வெளியே தெரியும் இடங்களைக் காண்போர் அதனைக் காலத்தின் சிதைவு என்று எண்ணிக்கொள்கிறார்கள். காலம் மெருகேற்றிய கற்களைத் தேர்ந்தெடுத்துப் பெயர்ப்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். கௌரைக் கம்பெனிக்காரர்கள் மட்டுமா சூறையாடினார்கள்? ராஜ்மஹால், முர்ஷிதாபாத், மால்டா, இங்கிலீஷ் பஜார் எல்லாம் கௌரின் கல்லிலும் செங்கல்லிலும் எழுந்தவைதானே? உண்மை. நவாபுகளின் வருவாய்க் கணக்கில் 'கீமத் கிஷ்த்கர்' என்றொரு இனமே இருந்தது. கௌரின் கட்டடங்களை உடைத்துச் செங்கல் எடுக்கும் தனியுரிமைக்காக அக்கம்பக்கத்து ஜமீன்தார்கள் ஆண்டுக்கு 8,000 ரூபாய் செலுத்திவந்தார்கள். 1765இல் திவானி உரிமையைப் பெற்ற கம்பெனி இந்தக் கணக்கேட்டையும் சேர்த்துத்தான் பெற்றது. ஆனால் இம்மறுப்பு எதை நிறுவுகிறது? கௌரின் அழிவு இயற்கையானதன்று, வரி வசூலிக்கப்பட்ட ஒரு தொழில் என்பதையே அது நிறுவுகிறது. எல்லாரும் எடுத்தார்கள் என்பது எடுத்ததை எழுதாமல் விடுவதற்குக் காரணமாகாது. இன்னும் விரிவாக எழுதுவதற்கே அது காரணமாகும்.

அறிவுலகத்தின் பாரபட்சம் ஒன்றையும் இங்கே சுட்டவேண்டும். தில்லியின் குவ்வத்துல் இஸ்லாம் மசூதியின் கிழக்கு வாயிற் கல்வெட்டு, 27 கோயில்களின் பொருள்களைக்கொண்டு அது கட்டப்பட்டதாகச் சொல்கிறது. அந்த எண்ணை அறியாத பள்ளி மாணவர் வடஇந்தியாவில் அரிது. மேடைகளிலும் நீதிமன்றங்களிலும் அது எதிரொலிக்கிறது. மறுபயன்பாட்டுக் கற்களை வெறும் கொள்ளையாகவோ வெற்றிச் சின்னமாகவோ மட்டும் பார்க்கக்கூடாது என்று ஃபின்பார் ஃபிளட் போன்ற கலை வரலாற்றாசிரியர்கள் எழுதியவையும் உண்டு. அவற்றின்மேல் விவாதங்களும் உண்டு. ஆனால் சுல்தான்களின் கட்டடங்களிலிருந்து எடுத்த கற்களால் ஒரு பேராலயத்துக்குத் தரையிட்ட நிகழ்வு, சொந்த ஆவணமே சாட்சி சொல்லும் நிகழ்வு, எந்த விவாதத்துக்கும் உரியதாகவில்லை. கோயிலிலிருந்து மசூதிக்குப் போன கல் அரசியலாகிறது. மசூதியிலிருந்து தேவாலயத்துக்குப் போன கல் சுற்றுலாத் துணுக்காகிறது. கற்களின் பயணத்தை ஆராய்வதாகச் சொல்லிக்கொள்ளும் புலமை, எந்தப் பயணம் இன்றைய சண்டைக்கு உதவும் என்று பார்த்தா தன் கேள்விகளைத் தெரிவுசெய்கிறது?

உள்ளேயிருக்கும் தரையை விட்டு வெளியே கல்லறை வளாகத்துக்கு வந்தால், இடம்பெயராத கல்லைக் காண்பதே அரிது.

ஆலயத்துக்கு முன்பே இருந்தது இடுகாடு. 1767இல் பார்க் தெருவில் புதிய இடுகாடு திறக்கப்பட்டபின் இங்கே அடக்கங்கள் நின்றன. நான்கு முறை மணந்து, 'பேகம்' என்றே ஊரார் அழைத்த ஃபிரான்சஸ் ஜான்சனுக்கு 1812இல் கிடைத்தது தனிச் சலுகை. (அதே ஆண்டில், அவர் இறந்த சில மாதங்களுக்குப் பின் இங்கிலாந்தின் பிரதமரானவர் அவருடைய பேரன்.) ஆலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது பழைய கல்லறைகள் கலைந்தன. முகலாயப் பேரரசர் ஃபரூக்சியரின் நோயைத் தீர்த்து, 1717ஆம் ஆண்டின் ஃபர்மான் கம்பெனிக்குக் கிடைத்த தூதில் பங்குபெற்ற மருத்துவர் வில்லியம் ஹாமில்டனின் கல்லறைக் கல் அவ்வாறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டதே. அதில் ஆங்கிலத்தோடு பாரசீகமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிதைந்த கல்லறைகள் பல இடிக்கப்பட்டு, எழுத்துள்ள பலகைக் கற்கள் மட்டும் சார்னோக்கின் சமாதி மண்டபத்தைச் சுற்றித் தரையில் பதிக்கப்பட்டன. பாரக்பூரில் அடக்கமான சார்லட் கானிங்கின் நினைவுச் சின்னம் வேறிடங்களைச் சுற்றி இங்கே முகப்பு மண்டபத்தில் வந்துநிற்கிறது. கல்லுக்கு அடியில் அந்தக் கல்லுக்குரியவர் இருக்கிறார் என்று இங்கே யாரும் நம்பிவிட முடியாது.

சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தை அறிந்தோருக்கு இது புதிதன்று. 1758-59இல் லாலியின் முற்றுகையின்போது பிரெஞ்சுப் படைக்கு மறைப்பாகப் பயன்பட்டதால், பழைய இடுகாட்டின் கட்டுமானங்கள் பின்னர் தகர்க்கப்பட்டன. எழுத்துக் கற்கள் ஆலயத்தைச் சுற்றிலும் தரையாக விரிக்கப்பட்டன. அந்தக் கற்களின்மேல் நடப்போர் கல்லறைகளின்மேல் நடப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் நடப்பது ஒரு போர்க்கால முடிவின்மேல்.

கொல்கத்தா வளாகத்துக்குக் கடைசியாக வந்த பெரிய அகதி, இருட்டறை நினைவுத்தூண். 1756 ஜூன் 20ஆம் நாள் இரவில் 146 பேர் அடைக்கப்பட்டு 123 பேர் மாண்டனர் என்ற ஹோல்வெல்லின் கூற்றை 1915இல் ஜே. எச். லிட்டில் பொய்யென்றே வாதிட்டார். பின்வந்த பிரிஜென் குப்தா அடைக்கப்பட்டவர் 64, மாண்டவர் 43 என்று கணக்கிட்டார். ஹோல்வெல் எழுப்பிய செங்கல் தூண் 1821இல் அகற்றப்பட்டது. 1902இல் கர்சன் அதனைச் சலவைக் கல்லில் மீட்டெடுத்து நகரின் நடுவில் நிறுத்தினார். 1940 ஜூலையில் அதனை அகற்றக் கோரிய கிளர்ச்சிக்குச் சுபாஸ் சந்திர போஸ் தலைமையேற்றார்; குறித்த நாளுக்கு முன்பே, ஜூலை 2இல், அவர் கைதானார். இந்து மாணவரும் முஸ்லிம் மாணவரும் சேர்ந்து நின்ற அந்தக் கிளர்ச்சியின் முன் ஃபஸ்லுல் ஹக்கின் அமைச்சரவை பணிந்தது. தூண் உடைக்கப்படவில்லை, பெயர்த்து இந்த வளாகத்தின் மூலையில் வைக்கப்பட்டது.

இன்றைய சிலை விவாதங்களில் இந்த 1940ஆம் ஆண்டின் தீர்வு ஏன் முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்படுவதில்லை? பொதுச் சதுக்கத்தின் நடுவே ஆட்சியின் குரலாக நின்ற பொய், கல்லறை வளாகத்தில் ஆய்வுக்குரிய ஆவணமாகிவிட்டது. ஆனால் அந்தத் தீர்வு முழுமைபெற வேண்டுமானால், தூண் அங்கே வந்த கதை தூணுக்குப் பக்கத்திலேயே படிக்கக் கிடைக்க வேண்டும். கர்சனின் எழுத்துகளைத் துடைத்து மெருகேற்றிவிட்டுப் போஸின் கிளர்ச்சியைப் பேசாமல் விடும் எந்தப் பராமரிப்பும் 1902ஐ மீட்டு 1940ஐ அழிக்கும் வேலையே.

வளாகத்தின் மிகப் பழைய கட்டடம் ஜோப் சார்னோக்கின் எண்கோணச் சமாதி. அதிலுள்ள கரிய கல் வங்காளத்தைச் சேர்ந்ததன்று. 1893இல் தாமஸ் ஹாலந்து அதன் பாறையியலை ஆராய்ந்து, சென்னைக்கருகில் பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் கிடைக்கும் ஹைப்பர்ஸ்தீன் கொண்ட பாறை அது என்று கண்டார். அவ்வகைப் பாறைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரும் சூட்டினார். உலகின் எந்த மூலையில் அப்பாறை கிடைத்தாலும் நிலவியலாளர் உச்சரிப்பது ஒரு வணிகரின் பெயரை. சார்னோக்கின் மூன்று மகள்கள் 1689இல் சென்னைப் புனித மேரி தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றதைத் தவிர, பல்லாவரத்துக்கும் அவருக்கும் பெரிய உறவேதுமில்லை. மகேந்திரவர்ம பல்லவன் அதே பல்லாவரத்து மலையில், அதே கடினப் பாறையில், குடைவரை எடுத்திருக்கிறான். அது இன்று ஒரு தர்கா. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கல்லோடு மல்லுக்கட்டிய தமிழ்க் கல்தச்சர்களில் ஒருவர், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பலகையைப் பிளந்து கப்பலேற்றக் கொடுத்திருக்கிறார். சமாதியின் இலத்தீன் வாசகத்திலும் அவர் இல்லை; பாறையின் பெயரிலும் அவர் இல்லை.

சார்னோக் நகரத்தின் நிறுவனர் அல்லர் என்று 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; வரலாற்றறிஞர் குழுவின் அறிக்கையை ஏற்று, 1690 ஆகஸ்ட் 24ஐப் பிறந்தநாளாகக் கொள்வதையும் நிராகரித்தது. அத்தோடு இந்தக் கல்லறை பொருளிழந்துவிட்டதென்று சிலர் முடிவுகட்டினார்கள். நிறுவனர் என்ற பட்டம் போனபின்தான் கல்லைக் கல்லாகப் பார்க்கும் வாய்ப்பு வந்திருக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. தீர்ப்புக்கு எதிராகச் சார்னோக்கின் நினைவை ஏந்திப் புலம்பியவர்களும் எண்ணவில்லை.

இவ்விரு தரப்பாரும் ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறார்கள். ஒரு தரப்புக்குக் கல்லறை வளாகம் என்பது மாலை வெயிலில் ஒளிப்படமெடுக்கத்தக்க பாசி படிந்த ஏக்கம். முன்னோரைத் தேடி வரும் வெளிநாட்டுக் குடும்பங்களின் மரவழி. 1976இல் தோன்றிய தெற்காசிய இடுகாடுகளுக்கான பிரித்தானியச் சங்கம் கல்லறை வாசகங்களைப் படியெடுத்துக் காத்த பணி மதிக்கத்தக்கதே. ஆயினும் அடக்கமானவரின் பெயரைத் தேடும் பட்டியல், கல்லின் பிறப்பிடத்தைக் கேட்பதில்லை. மறுதரப்புக்கோ இவை அடிமைத்தனத்தின் சின்னங்கள். பொதுப்பணம் செலவிடத் தகாதவை. இவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றே: இந்தக் கட்டடம் விழுந்தால் விழுவது யாருடைய கல்? கௌரின் மெருகேற்றிய கற்களில் ஒரு பகுதி இன்று இருக்கும் முகவரி இந்தத் தேவாலயம். இதனை அழியவிடுவது காலனியத்துக்குக் கொடுக்கும் தண்டனையாகாது. கௌரை இரண்டாம் முறை உடைப்பதாகும்.

கற்களைக் கௌருக்கே திருப்பியனுப்பலாமே என்ற குரலும் கேட்கலாம். தரைக் கற்களைப் பெயர்த்தால் நொறுங்கும் என்பது ஒருபுறம். சுல்தான்களின் கட்டடங்களிலேயே ராஜ்மஹால் மலைக் கருங்கற்களும், பால, சேனர் காலக் கோயில்களிலிருந்தும் விகாரைகளிலிருந்தும் வந்த கற்களும் உண்டு. திருப்பியனுப்பும் பயணத்தை எந்த ஊரில் நிறுத்துவது?

ஆகவே செய்ய வேண்டியது வேறு. முதலாவது, அந்தக் கூட்டக் குறிப்பேடு. அதன் முழுப் பாடத்தையும் எண்மப்படுத்தி, வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் திறந்த அணுக்கத்தில் வெளியிடுவதற்கு ஒரு சிறு ஆய்வு நல்கை போதும். 2010இல் ஜோஃபனியின் ஓவியத்தை இன்டாக்கும் கதே நிறுவனமும் சேர்ந்து சீரமைத்தன. கல்கத்தாவாசிகளின் முகங்களையே சீடர்களுக்கு வைத்து வரைந்த ஓவியம் அது. யூதாசுக்கு ஏலக்காரர் ஒருவரின் முகம் என்பார்கள். அந்தச் சீரமைப்பு நன்று. ஒரு துணியோவியத்துக்குக் கிடைத்த கவனம் ஒரு குறிப்பேட்டுக்கும் ஒரு தரைக்கும் கிடைக்கக் கூடாதா?

இரண்டாவது, கல்லுக்குக் கல் பட்டியல். எது கௌரின் கல், எது பிற்காலப் பழுதுபார்ப்பில் வந்தது, எந்தக் கல்லின் விளிம்பில் பழைய செதுக்கல் எஞ்சியிருக்கிறது என்பதைப் பாறையியலாளரும் கலை வரலாற்றாசிரியரும் சேர்ந்து பதிய வேண்டும். கல்லைச் சேதப்படுத்தாமல் தனிமங்களைக் கண்டறியும் கைக்கருவிகள் இன்று பல்கலைக்கழகத் துறைகளிலேயே இருக்கின்றன. அந்தப் பட்டியலைக் கௌரின் எஞ்சிய சுவர்களில் வெறுமையாகத் தெரியும் இடங்களோடு ஒப்பிட்டால், மால்டாவும் கொல்கத்தாவும் சப்பாய் நவாப்கஞ்சும் ஒரே ஆய்வுக்களமாகும். முதுகலை மாணவர் ஐவரும் இரு பருவங்களும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அதுவரை கல்லின்மேல் கைவைப்போர் நிதானிக்க வேண்டும். சுண்ணச் சாந்தால் இணைந்த பழைய கட்டுமானத்தில் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். உப்பு கல்லின் முகத்துக்கு வந்து படிகமாகி அதனை உதிர்க்கும். மணல் பீய்ச்சித் துலக்கினால் உளியின் தடம் போகும். அந்தத் தடம்தான் கல் எந்தக் கையில் எப்போது வெட்டுப்பட்டது என்பதற்குச் சான்று. மங்கிய எழுத்தின்மேல் புதுக் கறுப்பு மை தீட்டும் பழக்கம் இன்னும் கொடிது. தீட்டுபவருக்குப் பாரசீகம் தெரியாவிட்டால் ஹாமில்டனின் கல்லைப் போன்றதொரு கல் ஒரே பிற்பகலில் பொய்யான ஆவணமாகிவிடும். இருட்டறைத் தூணின் சலவைக் கல் நகரத்தின் கந்தகப் புகையில் மேற்பரப்பு ஜிப்சமாக மாறிக் கரையக்கூடியது. பல்லாவரத்துக் கல் அப்படிக் கரையாது. வெவ்வேறு நோய்க்கு ஒரே மருந்தை ஒரே ஒப்பந்தக்காரரிடம் ஒரே ஏலத்தில் வாங்கும் பழக்கத்தை மரபுப் பாதுகாப்பு என்று இனியும் அழைக்கலாகாது.

வளாகத்தில் பெயர்ப்பலகை வைப்பதானால், அதில் எழுத வேண்டிய செய்வினை வாக்கியங்கள் ஆயத்தமாகவே இருக்கின்றன. கம்பெனியின் மால்டா பிரதிநிதி சார்லஸ் கிராண்ட் கௌரின் கட்டடங்களிலிருந்து எடுத்த கற்களை இங்கே அனுப்பினார். நவகிருஷ்ண தேவ் நிலம் கொடுத்தார். சென்னைக்கருகில் பல்லாவரப் பகுதியில், பெயர் பதியப்படாத கல்தச்சர்கள் சார்னோக்கின் கல்லை வெட்டினார்கள். மாணவர்கள் தூணை இங்கே தள்ளிக்கொண்டுவந்தார்கள்.